தொறுவும் கல்லும்: ஜவ்வாது மலையின் நடுகற்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவான ஜவ்வாது மலை திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூரின் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் மூன்று மலை ஊராட்சிகள் உள்ளன. சாமையும் புளியும் பலாவும் தேனும் இம்மலையின் விளைபொருள்கள்; மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பேரரசுகளின் தலைநகரம் எதுவும் இங்கே இருந்ததில்லை. வானளாவிய கோபுரமும் அரண்மனையும் இங்கு இல்லை. ஆனால் தமிழகத்தில் எளிய மனிதர்களின் சாவை ஊரும் பேரும் சொல்லிக் கல்லில் பொறித்து வைத்த வட்டாரங்களுள் ஜவ்வாது மலையும் அதன் அடிவாரமும் முதல் வரிசையில் நிற்பவை. இங்கே வரலாற்றின் நினைவுச்சின்னம் என்றால் அது ஓர் ஆள் உயரமோ அதற்கும் குறைவோ ஆன ஒரு பலகைக்கல். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் அது நிற்கிறது.

நடுகல்லுக்கு முன்பே இம்மலையில் கல்லுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. திருப்பத்தூர் வட்டத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் நடத்திய அகழாய்வு, புதிய கற்கால மக்கள் தரையில் குழி தோண்டி அதன்மேல் கூரை வேய்ந்து வாழ்ந்ததைக் காட்டியது. அவர்கள் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகள் அந்த அகழாய்வில் மட்டும் கிடைப்பவையல்ல; ஜவ்வாது மலையிலும் அருகிலுள்ள ஏலகிரியிலும் உழவின்போதும் மழை அரிப்பிலும் இன்றும் வெளிப்படுகின்றன. கையடக்கமான கருங்கல், ஒரு முனை குவிந்து, மறுமுனை அகன்று கூர்மையாக இருக்கும். மலைவாழ் மக்கள் இவற்றை எறிந்துவிடுவதில்லை. மரத்தடியில் வரிசையாக நட்டு, மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பிள்ளையாராக வணங்குகிறார்கள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்டவும் மண் கிளறவும் பயன்பட்ட கருவி, அதைச் செய்தவர் யாரென்ற நினைவு முற்றிலும் போன பின்னும், வணக்கத்துக்குரிய பொருளாக அதே மலையில் நீடிக்கிறது. கல்லை வணக்கம் காப்பாற்றியது. கல்லின் கதையை அதனால் காப்பாற்ற முடியவில்லை. இந்த மலையின் எல்லா நினைவுக்கற்களுக்கும் நேர்ந்தது இதுவே.

அடுத்த கட்டம் பெருங்கற்காலம். ஜமுனாமரத்தூர் பக்கத்துக் கீழ்செப்பிலி போன்ற இடங்களில் பெரும் பலகைக்கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே ஒரு பாறைப்பலகையை மூடியாக வைத்த கற்திட்டைகள் கூட்டமாக உள்ளன. இவை இறந்தோருக்காக எழுப்பப்பட்டவை. ஊர்மக்களோ இவற்றை வாலியர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்கிறார்கள். முன்னொரு காலத்தில் வாழ்ந்த குள்ள மனிதர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் என்பது கதை. தமிழகத்தின் பிற பகுதிகளில் இதே அமைப்புக்குப் பாண்டவர் வீடு, பஞ்சபாண்டவர் குழி என்று பெயர். அயர்லாந்திலும் இதே நிலைதான். அந்நாட்டின் மேற்குக் கரையோரம் பரன் என்னும் சுண்ணாம்புப் பாறை வெளியில் உள்ள புல்னப்ரோன் கற்திட்டை 1980-களில் அகழப்பட்டபோது, 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட பலரின் எலும்புகள் அதனுள் கிடைத்தன. ஆனால் ஐரிஷ் நாட்டுப்புறத்தார் இத்தகைய திட்டைகளைப் பிணக்கூடமாக நினைக்கவில்லை. தலைவனிடமிருந்து தப்பியோடிய டியர்மட், கிரான்யா என்னும் காதலர் இரவுதோறும் படுத்த கட்டில்கள் என்றே நாடெங்கும் அவற்றை அழைத்தார்கள். கட்டியவர் மறைந்த பின் கல்லுக்குப் புதுக் கதை தேவைப்படுகிறது; அந்தக் கதையை அந்தந்த மண்ணின் இதிகாசம் தருகிறது.

கற்திட்டையிலிருந்து நடுகல்லுக்கு வரும்போது பெரிய மாற்றம் ஒன்று நிகழ்கிறது. திட்டை பெயரில்லாத ஒரு குலத்துக்கு உரியது. நடுகல் ஒரு தனி மனிதனுக்கு உரியது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி எழுத்துடைய கற்கள் இம்மாற்றத்தின் மிகப் பழைய சான்றுகள். அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் என்பதை மிகச் சில சொற்களில் தெரிவிக்கிறது. ஆகோள் என்பது பகைவரின் ஆநிரையைக் கவர்தல். தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு படிகளாக வகுக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதை எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது சடங்கு. இன்றும் இப்பகுதியில் குலதெய்வக் கல் நடும்போது இதே வரிசையில் பல படிகளைக் காணலாம்.

ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்துச் செங்கம், சங்க இலக்கியத்தில் செங்கண்மா என்று வரும் ஊர். அதன் தலைவன் நன்னன் சேய் நன்னனைப் பாடியது பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். 583 அடி கொண்ட இப்பாட்டில் பரிசில் தேடிப் போகும் கூத்தர்க்கு வழி சொல்லப்படுகிறது. வழியில் நடுகற்கள் நிற்கும், அவற்றை வணங்கிச் செல்க என்பது அந்த வழிகாட்டலின் ஒரு பகுதி. ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாறும் இப்பாட்டில் இடம்பெறுகிறது. ஆக, இவ்வட்டாரத்தில் பின்னாளில் எழுத்தோடு கிடைத்த கற்கள் திடீரென முளைத்தவையல்ல. இலக்கியம் கண்ட ஒரு பழைய வழக்கத்தின் தொடர்ச்சி.

இத்தனை கற்கள் ஏன் இங்கே? நிலத்தின் அமைப்பே பெருமளவு பதில் சொல்லும். மேற்கே பாராமகால் மேட்டுநிலம், கிழக்கே பாலாறு, சேயாறு, பெண்ணையாற்றுச் சமவெளி. இரண்டுக்கும் நடுவே மலைகள் எழும்ப, செங்கம் கணவாய் வழியே பாதை போகிறது. படை நடத்துவோர்க்கு இது முக்கியமான வழி. 1767-இல் ஐதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிக்கொண்டதும் இதே செங்கத்தில்தான். பல்லவர் காலத்தில் கிழக்கே பல்லவ அரசும் மேற்கே கங்கரும் நுளம்பரும் இருந்தனர். இடையிலுள்ள நிலத்தை வாணர் முதலிய சிற்றரசர்கள் பேரரசரின் மேலாண்மையை ஏற்று ஆண்டனர். எல்லை அடிக்கடி அசைந்தது. மழை குறைந்த இம்மண்ணில் நெல்லைவிட மாடே பெரிய செல்வம். அதுவும் நடந்து போகக்கூடிய செல்வம். ஓர் ஊரை வலுவிழக்கச் செய்ய அதன் மந்தையை ஓட்டிச் சென்றாலே போதும். மந்தைக்குத் தொறு என்று பெயர். தொறுக் கொள்ள வந்தவனும் இறந்தான், தொறு மீட்கப் போனவனும் இறந்தான். இருவருக்கும் கல் எடுக்கப்பட்டது.

கல்வெட்டின் நடை ஏறக்குறைய எங்கும் ஒன்றே. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். பிறகு நாடு, ஊர், சிற்றரசன் பெயர்கள். அதன்பின் இறந்தவன் யாருடைய சேவகன் அல்லது மகன், எந்தப் பூசலில், எதைக் காக்கப் பட்டான் என்ற செய்தி. கடைசியில் பெரும்பாலும் கல் என்ற சொல். புகழுரை இல்லை, உவமை இல்லை, அழுகை இல்லை. எழுத்து வட்டெழுத்து. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் அரச கல்வெட்டுகள் கிரந்த எழுத்தில் வடமொழியில் அவனுடைய விருதுப் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவனது நாட்டின் மேற்கு ஓரத்தில் மாடு மேய்க்கும் ஊர்கள் தமிழில் தம் இறப்புகளைப் பதிவு செய்துகொண்டிருந்தன. பல்லவர் காலத் தமிழ் உரைநடையை அறிய விரும்புவோர்க்கு இக்கற்களைவிட நேரான சான்று குறைவு.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பட்டது. வாணகோ அரசரின் மருமக்களான பொற்றொக்கையார் என்பவரின் இளமகன் கருந்தேவகத்தி தன் எருமைகளைக் காக்கும் போரில் இறந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. வீரன் வில்லும் ஆயுதமும் ஏந்திப் பாயும் நிலையில் இருக்கிறான். அவனருகே ஒரு நாய் நிற்கிறது. அதற்கெனத் தனியாக ஒரு பொறிப்பும் உண்டு: கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது அது. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர், இறந்த இளைஞனின் பெயரோடு அவனுடைய நாயின் பெயரையும் மறக்கக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறது. அந்நாட்களின் பேரரசப் பட்டயங்களில் இந்த நேர்மைக்கு ஈடாக எதையும் காண்பது கடினம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு எடுத்த கல்லும் இதே மனப்போக்கின் வெளிப்பாடு.

சிற்பத்துக்கும் ஒரு மரபு உண்டு. இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், பக்கவாட்டில் முடிந்த கொண்டை. உடலில் அம்புகள் தைத்திருக்கும். அவன் ஓடவில்லை என்பதைக் காட்ட, அவை மார்பிலும் தொடையிலும் முன்புறமாகவே தைத்திருக்கும். காலருகே கெண்டியும் சிமிழும் இடம்பெறும். மீட்கப்பட்ட மாடுகளும் சில கற்களில் காட்டப்படுகின்றன. இறந்தவனைத் தேவமகளிர் இருபுறமும் தாங்கி மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் காட்சி பிற்காலக் கற்களில் மிகுதி. முற்காலச் சிற்பம் தட்டையானது, கோட்டோவியத்துக்கு நெருங்கியது. செதுக்கியவர் அரசவைச் சிற்பி அல்லர், ஊர்த் தச்சரே என்பதை ஒவ்வொரு உளிக்கோடும் காட்டுகிறது.

பேரரசர் வரலாறும் இக்கற்களில் நுழைகிறது, ஆனால் கீழிருந்து தெரியும் காட்சியாக. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூரில் கிடைத்த, பிற்காலப் பல்லவன் நிருபதுங்கன் காலத்துக் கல்வெட்டுகளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்தார். நுளம்பனின் படை தொறுக் கொள்ள வந்ததும் அதைத் தடுத்தவர் இறந்ததும் அவற்றின் செய்தி. அரசர்கள் செய்த எல்லைப் போர், ஊர்க்காரனுக்கு மந்தை பறிபோன நாளாக வந்து சேர்ந்தது. பின்னர் 10ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றியபோது இப்பகுதியின் கற்கள் அவனைக் கன்னரதேவன் என்று ஏற்றுக்கொண்டு அவன் ஆட்சியாண்டால் நாளைக் குறிக்கத் தொடங்கின. 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்த போரின் விளைவு, சிற்றூர்க் கல்லின் முதல் வரியில் தெரிகிறது.

மாடு கவர்தலும் வீரக்கல்லும் தமிழகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பழைய அயர்லாந்தில் செல்வத்தை அளந்ததும் மாடுகளைக் கொண்டே. அந்நாட்டின் தலைசிறந்த பழங்கதையான டான் போ கூல்னா, ஒரு காளைக்காக நடந்த படையெடுப்பின் கதை. அதன் நாயகன் கூ ஹுலின் சாகும் தறுவாயில், விழுந்து இறக்கக்கூடாது என்று ஒரு நெடுங்கல்லில் தன்னைக் கட்டிக்கொண்டான் என்பது மரபு; லவுத் மாவட்டத்தில் வயல் நடுவே நிற்கும் கல் ஒன்றை அந்தக் கல் என்று காட்டுகிறார்கள். அக்காட்சியை ஆலிவர் ஷெப்பர்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெண்கலச் சிலையாக வடித்தார். 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைமையிடமாக இருந்த டப்ளின் பொது அஞ்சலகத்தில் 1935-இல் அச்சிலை அவ்வெழுச்சியின் நினைவுச்சின்னமாக நிறுவப்பட்டது. மாடு காத்த வீரனின் கதை, ஆங்கிலேயரை எதிர்த்து மாண்டவர்களுக்குரிய சின்னமாயிற்று.

அந்நாட்டின் ஓகம் கற்கள் நடுகற்களுக்கு இன்னும் நெருக்கமானவை. ஏறத்தாழ 4ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரை, அதாவது புலிமான்கோம்பைக்குப் பின்னும் எடுத்தனூர்க் காலம் வரையிலும், கல்லின் விளிம்பில் குறுக்குக் கோடுகளால் எழுதப்பட்டவை. இன்னாருடையது, இன்னார் மகனுடையது என்பதற்குமேல் பெரும்பாலும் எதுவும் இராது. ஏறக்குறைய 400 கற்கள் எஞ்சியுள்ளன. கெர்ரி, கார்க், வாட்டர்போர்டு மாவட்டங்களில் மிகுதி. எந்த ஊரில், எப்படி இறந்தான் என்பதை ஓகம் சொல்வதில்லை. அந்த வகையில் செங்கம் வட்டாரக் கற்கள் வரலாற்றாசிரியருக்குப் பன்மடங்கு பயன் தருபவை. ஓகம் கற்களுக்கு நேர்ந்த கதியும் கவனிக்கத்தக்கது. பிற்காலத்தார் அவற்றில் பலவற்றை நிலத்தடிச் சுரங்க அறைகளுக்குக் கூரைப் பலகையாக வைத்துவிட்டார்கள். கெர்ரியின் டன்லோவில் 1838-இல் அப்படிப்பட்ட ஓர் அறையிலிருந்தே ஒரு தொகுதி வெளிவந்தது. தமிழகத்தில் ஏரி மதகிலும் துணி துவைக்கும் படித்துறையிலும் நடுகற்கள் கிடைப்பது இதன் மறுபதிப்பு.

விசயநகர, நாயக்கர் காலத்துக் கற்களில் எழுத்து அருகிவிடுகிறது. சிற்பம் மட்டும் பேசுகிறது. புலியைக் குத்தி இறந்தவனின் கல்லும் காட்டுப்பன்றியோடு போராடி இறந்தவனின் கல்லும் மலையடிவாரங்களில் அடிக்கடி தென்படும். காட்டைத் திருத்தி உழுத மக்களின் அன்றாட ஆபத்தை அவை காட்டுகின்றன. வீரனோடு அவன் மனைவியும் நிற்பது சதிக்கல். அவள் கணவனோடு தீப்புகுந்தாள் என்பது அதன் பொருள். இக்கற்களைப் பெருமையின் சின்னமாக மட்டும் பார்ப்பது தவறு. அவனுடைய சாவை அவன் தேர்ந்தெடுத்தான். அவளுடைய சாவில் அவள் விருப்பம் எவ்வளவு என்று கல் சொல்வதில்லை.

இன்று மலைமேல் வாழும் மலையாளிகளின் நினைவு வேறு வகையானது. அது கல்லில் இல்லை, கதையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் வட ஆர்க்காடு மாவட்டக் கையேடும், அதைப் பின்பற்றி தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளும் பதிவு செய்த மரபு இது: கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டனர். சினந்து ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் இறந்ததாகக் கொண்டு ஈமக்கடன் செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தட்டுத்தடுமாறிக் கரையேற, நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிக் காஞ்சிக்கே போய்விட்டன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பியவர்கள், தமக்கு ஈமக்கடன் முடிந்து மனைவியர் விதவைக் கோலம் பூண்டிருப்பதைக் கண்டார்கள். உயிரோடிருந்தும் இறந்தவர்களாகிவிட்ட அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவில் இறங்கினார்கள். அவர்களின் வழிவந்தோரே மலையாளிகள் என்பது மரபு.

இக்கதையை நடந்த நிகழ்ச்சியின் பதிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதன் கூறுகளை நடுகற்களுக்கு அருகில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். கவர்தலும் மீட்பும், கூடப்போகும் நாயும், மீட்கப் போனவனின் சாவும் இரண்டிலும் உள்ளன. எடுத்தனூரின் நாய் காத்து நின்று கல்லில் இடம் பெற்றது. காஞ்சிக் கதையின் நாய் திரும்பிப் போய் ஒரு குலத்தின் விதியையே மாற்றியது. ஒரே நிலப்பரப்பின் எழுதிய நினைவும் எழுதாத நினைவும் ஒரே பொருள்களால் ஆனவை என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இப்பகுதி மக்கள் நடுகல்லை வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திருப்பத்தூர்ப் பகுதிகளில் வேடியப்பன் கோயில் என்று பெயர் கேட்டுப் போனால் பெரும்பாலும் அங்கே இருப்பது ஒன்றோ பலவோ ஆன நடுகற்களே. எண்ணெய்க் காப்பு, மஞ்சள், பொங்கல், ஆடு கோழிப் பலி எனப் பூசை நடக்கிறது. ஆடு மாடுகளுக்கு நோய் வராமல் வேடியப்பன் காப்பார் என்பது நம்பிக்கை. தொறு மீட்டுப் பட்டவன், பெயர் மறந்துபோன பின்னும், அதே தொறுவைக் காக்கும் வேலையில் தொடர்கிறான். கற்கள் இவ்வளவு காலம் பிழைத்ததற்கு முதல் காரணம் இந்த வழிபாடுதான். எந்தச் சட்டமும் அல்ல. ஆனால் ஆண்டுதோறும் பூசும் எண்ணெயும் சுண்ணாம்பும், அண்மைக்காலத்தில் வண்ணப் பூச்சும் சிமெண்டும், எழுத்தைப் புதைத்துவிடுகின்றன. கோயிலைப் புதுப்பிக்கும்போது கல்லின் கீழ்ப்பகுதி தரையோடு சேர்த்துப் பூசப்பட்டால் கல்வெட்டின் கடைசி வரிகளும் காலடிச் சிற்பங்களும் மறைந்துபோகும்.

பெயர்களை மீட்கும் வேலை பெரும்பாலும் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1961-இல் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநர் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972-இல் வெளிவந்தது. அதுவரை பெரும்பாலும் இலக்கியத்தின் வழியே அறியப்பட்ட நடுகல் மரபுக்கு ஆண்டுக்கணக்கோடு கூடிய பெரும் சான்றுத் தொகுதி அப்போதுதான் கிடைத்தது; பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டு ஆராய்ச்சிக்கும் வட்டெழுத்தின் வளர்ச்சியை வரையவும் அது அடித்தளமானது. உள்ளூர் ஆசிரியர்களின் உழைப்பும் இதில் பெரிது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர்கள் க. மோகன்காந்தி, ஆ. பிரபு ஆகியோர் ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் அடிவாரச் சிற்றூர்களிலும் நடுகற்களையும் கற்கோடரிகளையும் தேடிப் பதிவு செய்து வருகிறார்கள்.

காப்பதற்கு மூன்று வழிகள் இதுவரை முயலப்பட்டுள்ளன. தருமபுரி அகழ்வைப்பகம் போன்ற இடங்களுக்குக் கற்களைக் கொண்டு போவது முதலாவது. மழையிலிருந்தும் திருட்டிலிருந்தும் காப்பாற்றும், ஆனால் கல் எந்த மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து நின்றது என்பது போய்விடும். கார்க் பல்கலைக்கழகம் தன் நெடிய நடைக்கூடத்தில் ஓகம் கற்களை வரிசையாக நிறுத்தியிருப்பதிலும் இதே ஆதாயமும் இதே இழப்பும் உண்டு. இரண்டாவது, 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பது. ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கும் ஒற்றைக் கற்களுக்கு இது எட்டாது. வழிபாட்டில் உள்ள கல்லைச் சுற்றி வேலி போடவும் முடியாது. மூன்றாவது, இருந்த இடத்திலேயே விட்டு முழுமையாகப் பதிவு செய்வது. அயர்லாந்தில் டப்ளின் உயராய்வு நிறுவனம் ஓகம் கற்களை முப்பரிமாண வருடல் செய்து எவரும் பார்க்கும்படி வெளியிட்டுள்ளது. பக்கவாட்டு ஒளியில் மட்டும் தெரியும் தேய்ந்த கோடுகள் அதில் படிக்கக் கிடைக்கின்றன.

புதூர்நாட்டுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் பொருந்துவது இந்த மூன்றாவது வழி. ஆனால் கல்லின் அளவையும் எழுத்தையும் மட்டும் எடுத்தால் அது பாதி வேலை. கல் எந்தத் திசை நோக்கி நிற்கிறது, அருகில் நீர்நிலையோ மந்தைவெளியோ பழைய தடமோ உண்டா, எந்த வகையறா பூசை செய்கிறது, எந்த மாதத்தில், என்ன படைக்கிறார்கள், யார் கல் என்று சொல்கிறார்கள் என்பவையும் அதே ஏட்டில் ஏற வேண்டும். வண்ணமும் சிமெண்டும் பூசும் முன் படியெடுத்துக்கொள்ளப் பூசாரியோடு பேசி இசைவு பெறுவதும், எழுத்துள்ள பகுதியைத் தவிர்த்து எண்ணெய்க் காப்பிடச் சொல்வதும் பெரும் செலவு பிடிக்காத வேலைகள். படித்தறிந்த பெயரை ஊர்க்காரர்களிடம் திரும்பச் சொல்லி, கோயில் சுவரில் ஒரு பலகையாக எழுதி வைக்கவும் முடியும். வேடியப்பன் வேடியப்பனாகவே இருக்கலாம். அவனுடைய ஊரும் அவன் காத்த மந்தையும், பெயர் தெரிந்தால் அவனுடைய நாயும், அந்தப் பலகையில் இடம் பெறலாம்.